நன்மை செய்யும் அதிகாரம்

மாற்றார் கொள்கையை முதலில் அதன் முழு வலிமையோடும் எடுத்துரைத்து, அதன் பின்னரே தம் கொள்கையை நிலைநாட்டுதல் நம் முன்னோர் கைக்கொண்ட வாத நெறியாகும். சிவஞானசித்தியார் பரபக்கத்தை முன்வைத்துச் சுபக்கத்தைப் பின்வைத்தது இந்நெறி பற்றியே. முற்போக்கு எழுத்துலகில் இந்நெறி இன்று அருகி வருகிறது. ‘பிற்போக்கு’ என்ற ஒரு சொல்லை வீசிவிட்டால் மாற்றாரின் வாதம் முறிந்துபோகும் என்ற எண்ணம் பரவியுள்ளது. சொல்லை வீசுவது எளிது. விடை கூறுவது அரிது.

அமெரிக்க முற்போக்குவாதத்தின் மீதும், அதன் வழிவந்த நவீன தாராண்மைவாதத்தின் மீதும், அந்நாட்டின் பழமைபேணுவோர் நெடுங்காலமாகச் சில கண்டனங்களை முன்வைத்து வருகின்றனர். அக்கண்டனங்களை நாம் ஈண்டு ஆராயப் புகுவது வெறும் பிறநாட்டுச் செய்தி அறியும் ஆவலினால் அன்று. அவற்றின் அடியில் ஓர் அறவியல் வினா கிடக்கிறது. ஒருவனுக்கு நன்மை செய்யும் பொருட்டு, அவனைக் கேளாமலே அவன் வாழ்வில் தலையிடும் உரிமை வேறொருவனுக்கு உண்டா? சமுதாயத்தை மாற்றியமைக்க விழையும் எவரும் இவ்வினாவைத் தாண்டிச் செல்லல் இயலாது.

முதற்கண் சொற்களின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தாராண்மைவாதம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில், அரசின் கையைக் குறுக்கித் தனிமனிதனுக்கும் சந்தைக்கும் வழிவிட்ட கொள்கையாகவே பெரும்பாலும் விளங்கியது. அமெரிக்காவிலோ, இருபதாம் நூற்றாண்டில் அச்சொல் ஏறக்குறைய எதிர்ப்பொருளைப் பெற்றது. இரும்புப்பாதை முதலாளிகளும் எண்ணெய் முதலாளிகளும் பெருஞ்செல்வம் குவித்த காலத்தில், தனிமனித சுதந்திரத்தைக் காக்க வேண்டுமாயின் அரசே முன்வந்து செயலாற்றவேண்டும் என்று ஒரு சாரார் வாதிட்டனர். ஹேர்பேட் குரோலி 1909 இல் வெளியிட்ட நூல் அவ்வாதத்துக்கு உருக்கொடுத்தது. குடியாட்சியின் இலட்சியங்களை வலிமை மிக்க தேசிய அரசின் மூலம் எய்துதல் வேண்டும் என்பது அவர் துணிபு. தியடோர் றூஸ்வெல்ட், வூட்றோ வில்சன் ஆகிய ஜனாதிபதிகளின் காலத்தில் இக்கொள்கை ஆட்சிப்பீடம் ஏறியது. பிராங்கிளின் றூஸ்வெல்ட்டின் காலத்தில் வேரூன்றியது.

இக்கொள்கையினால் விளைந்த நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது. 1911 மார்ச் 25 ஆந் திகதி நியூயோர்க் நகரிலே டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீ மூண்டது. தொழிலாளர் தப்பிச்செல்லவேண்டிய கதவு பூட்டப்பட்டிருந்தது. 146 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பிழைப்புத் தேடிக் கடல்கடந்து வந்த இளம்பெண்கள். மேல்மாடியிலிருந்து அவர்கள் குதித்து மடிந்ததைத் தெருவில் நின்று கண்டார் பிரான்சிஸ் பேர்க்கின்ஸ் என்ற பெண்மணி. அவரே 1933 இல் அந்நாட்டின் தொழிலமைச்சராகி, 1935 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் உருப்பெற முன்னின்று உழைத்தார். தொழிற்சாலைக் கதவு திறந்திருத்தல் வேண்டும், முதுமையில் ஒருவன் பிச்சை ஏற்கலாகாது என்ற சட்டங்களை எந்தப் பழமையின் பெயராலும் நாம் பழிக்க முடியாது.

ஆயின் கண்டனக்காரர் கூறுவது யாது? எட்மண்ட் பேர்க் 1790 இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எழுதிய நூலே அவர்களுக்கு மூலநூல். அதன் மரபை அமெரிக்க மண்ணில் நிலைநாட்ட முயன்றவர் றஸல் கேர்க். அவரது புகழ்பெற்ற நூல் 1953 இல் வெளிவந்தது. அதே ஆண்டில் றொபேட் நிஸ்பெற் என்ற சமூகவியலாளரும் சமூகக் கூட்டுறவின் சிதைவு பற்றி எழுதினார். பிரெட்றிக் ஹாயெக் தம்மைப் பழமைவாதி என்று அழைக்க மறுத்தவராயினும், மத்திய திட்டமிடலை எதிர்த்து அவர் 1944 இல் எழுதிய நூல் இவர்கள் அனைவர்க்கும் படைக்கலமாயிற்று.

இவர்களின் வாதத்தைச் சுருக்கிக் கூறுவோம். சமுதாயம் என்பது நூற்றாண்டுகளாக வளர்ந்த மரம். அதன் வேர்கள் எங்கெங்கு ஓடுகின்றன என்பதை எந்த அறிஞனும் முற்றாக அறியான். தன் அறிவே போதுமெனச் செருக்குற்று அதை வெட்டித் திருத்தப் புகுபவன், தான் எண்ணாத கேடுகளை விளைவிப்பான். நன்மை செய்யவென்று அரசிடம் குவித்த அதிகாரம், பின்னர் எவர் கையிற் சேரும் என்பதை எவரும் அறியார். அன்றியும், குடும்பம், கோயில், ஊர், தொழிற்குழு ஆகியவை மனிதனுக்கும் அரசுக்கும் இடையே நின்று அவனைத் தாங்குகின்றன. அவற்றின் வேலைகளையெல்லாம் அரசு தானே எடுத்துக்கொண்டால், இறுதியில் தனித்து நிற்கும் மனிதனும் அவனுக்கு மேலே ஒரு பேரரசுமே எஞ்சும். இவ்வாதம் அறிவற்ற வாதம் அன்று. வரலாறு இதற்குச் சான்று பகரும் இடங்களும் உள.

முற்போக்குக் காலத்து அமெரிக்க அறிஞர் பலர், யூஜெனிக்ஸ் எனப்பட்ட இனமேம்பாட்டுக் கொள்கையைப் புதிய விஞ்ஞானமெனப் போற்றினர். ‘தகுதியற்றோர்’ பிள்ளை பெறாவண்ணம் தடுத்தால் வறுமையும் குற்றமும் ஒழியும் என்பது அதன் சாரம். 1907 இல் இந்தியானா மாநிலம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. வேர்ஜீனியா மாநிலத்தில் கெரி பக் என்ற ஏழைப்பெண், தம்மை வளர்த்த குடும்பத்தின் உறவினன் ஒருவனுடைய வன்செயலால் கருவுற்றார். கெடுத்தவனை விட்டுவிட்டு, கெடுக்கப்பட்டவரைப் ‘புத்திமந்தம் உடையவர்’ என்று பெயர்சூட்டி ஒரு விடுதியில் அடைத்தனர். அவரைச் சத்திரசிகிச்சை மூலம் மலடாக்குவது முறையா என்ற வழக்கு 1927 இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு வந்தது. அவருக்காக வாதாடிய வழக்கறிஞரோ அந்த விடுதியின் முன்னாள் நிர்வாகசபை உறுப்பினர்!

ஒன்பது நீதியரசருள் எண்மர், மலடாக்கலாம் என்றனர். தீர்ப்பை எழுதியவர் ஒலிவர் வென்டல் ஹோம்ஸ். தொழிலாளர் சட்டங்களுக்குச் சார்பாக முன்னர் எழுதிய கருத்துரையால் முற்போக்காளரின் பெருமதிப்பைப் பெற்றவர். ‘மக்களின் வழக்கறிஞர்’ எனப் புகழப்பட்ட லூயி பிராண்டைஸும் உடன்பட்டார். உடன்பட மறுத்தவர் ஒருவரே. அவர் பழமைச் சார்பினரும் கத்தோலிக்கருமாகிய பியேர்ஸ் பட்லர். பிரதம நீதியரசராகிய பழமைச் சார்பினர் டாஃப்ட்டும் எண்மருள் ஒருவராதலின், பழி முழுவதும் ஒரு தரப்பினதன்று. எனினும் மானிடரைத் திருத்தும் விஞ்ஞானத்தில் முற்போக்காளர் வைத்த நம்பிக்கையே இத்தீர்ப்புக்கு நீர்வார்த்தது என்பதை மறைத்தல் ஆகாது. தாய், மகள், பேத்தி ஆகிய மூவரும் குறையறிவினர் என்பது தீர்ப்பின் அடிப்படை. அந்தப் பேத்தி பின்னர்ப் பள்ளியில் திறமையாகக் கற்றுச் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டு வயதில் நோயுற்று இறந்தாள். இத்தகைய சட்டங்களின் கீழ் அந்நாட்டில் 60,000 பேருக்கு மேல் மலடாக்கப்பட்டனர்.

இன்னொரு சான்றும் காண்போம். நகரங்களின் சேரிகளை ஒழித்து நல்ல வீடுகளை அமைக்கும் நோக்குடன் 1949 இல் வீடமைப்புச் சட்டம் நிறைவேறியது. நோக்கம் உயர்ந்தது. நிகழ்ந்தது யாது? பொஸ்ரன் நகரின் வெஸ்ற் எண்ட் என்ற பகுதியில், இத்தாலியிலிருந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்து வந்தன. அதிகாரிகளின் கண்ணுக்கு அது சேரி. அங்கு வாழ்ந்தோருக்கோ அது ஊர். 1958 அளவில் தொடங்கி அதனைத் தரைமட்டமாக்கினர். அவ்விடத்தே எழுந்தவை வசதிபடைத்தோருக்கான மாடிக் குடியிருப்புகள்! இடிப்பதற்குச் சற்று முன்னர் அங்கே சென்று வாழ்ந்த ஹேர்பேட் கான்ஸ் என்ற சமூகவியலாளர், அங்கு நிலவிய உறவுகளையும் ஒற்றுமையையும் 1962 இல் ஒரு நூலாக எழுதினார். ஊர் அழிந்த பின் நூல் வந்தது. மாட்டின் அண்டர்சன் என்ற பழமைச் சார்பினர் 1964 இல் இத்திட்டம் முழுவதையும் ஆராய்ந்து, அது கட்டிய வீடுகளிலும் இடித்த வீடுகளே பன்மடங்கு என்று எடுத்துக்காட்டினார். ஏழைக்கு வீடு தரப் புறப்பட்ட திட்டம் ஏழையின் வீட்டையே பறித்தது என்ற அக்கண்டனத்துக்கு மறுமொழி கூறுவது எளிதன்று.

இதுவரை நாம் கண்டனக்காரரின் பக்கம் நின்று பேசினோம். இனி அவர்களை வினவுதல் நம் கடன்.

அறிஞனின் செருக்கைக் கண்ட அவர்களின் கண்கள், வழக்கத்தின் கொடுமையைக் கண்டனவா? அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்களிக்கவும், வெள்ளையரோடு ஒரே பள்ளியிற் கற்கவும், ஒரே உணவுச்சாலையில் அமரவும் ஆகாதென்று தடுத்தது எந்தத் திட்டமிடும் அறிஞனும் அன்று. அதனைத் தடுத்தவை ஊர் வழக்கமும், ஊர்ச் சட்டமும், அவற்றை மீறியோரைத் தூக்கிலிட்ட ஊர்க்கூட்டமுமே. பழமைபேணுவோர் போற்றும் மரபு, உள்ளூராட்சி, சமூகக் கட்டுப்பாடு ஆகிய யாவும் அங்கு நிறைந்திருந்தன. நீதி மட்டும் இல்லை.

வில்லியம் பக்லி 1955 இல் நிறுவிய ‘நஷனல் றிவியூ’ என்ற ஏடு அமெரிக்கப் பழமைவாதத்தின் குரலாக விளங்கியது. 1957 இல் அதன் ஆசிரியவுரை, தென்மாநில வெள்ளையர் தாம் பெரும்பான்மையினர் அல்லாத இடங்களிலும் ஆட்சியைத் தம் கையில் வைத்திருக்க உரிமையுடையர் என்று வாதிட்டது. அவர்களே தற்போதைக்கு முன்னேறிய இனத்தவர் என்பது அது கூறிய காரணம். ‘உனக்கு எது நல்லது என்பதை உன்னிலும் நான் நன்கறிவேன்’ என்ற செருக்கை முற்போக்காளரிடம் கண்டு சினந்தவர்கள், தோலின் நிறத்தை ஆதாரமாகக் கொண்ட அதே செருக்கைத் தாமே தூக்கிப்பிடித்தனர். 1964 இல் குடியியல் உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த செனற்றர் பரி கோல்ட்வாட்டர் தனிப்பட்ட முறையில் இனவெறியர் அல்லர். மாநிலங்களின் உரிமையைக் காப்பதே தம் நோக்கம் என்றார். ஆயினும் அவ்வாண்டு ஜனாதிபதித் தேர்தலில் அவர் தம் சொந்த மாநிலம் நீங்கலாக வென்றவை ஆழ்ந்த தெற்கின் ஐந்து மாநிலங்களே. அம்மாநிலங்களின் வெள்ளையர் அவரது கோட்பாட்டின் பயனை நன்குணர்ந்திருந்தனர்.

மெதுவாக மாறட்டும், தானாக வளரட்டும் என்பது பேர்க்கின் வழிவந்த அறிவுரை. மிசிசிப்பி மாநிலத்தில், 1965 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்துக்கு முன்னர், தகுதிபெற்ற கறுப்பின மக்களுள் 100 பேருக்கு 7 பேர்கூட வாக்காளராகப் பதிவு பெற்றிருக்கவில்லை. அடிமைமுறை ஒழிந்து நூறாண்டு சென்ற பின்னரும் மரம் தானாக வளர்ந்த அளவு அவ்வளவே. சட்டம் வந்த பின், 1967 இல், அத்தொகை 100 க்கு ஏறத்தாழ 60 ஆயிற்று. பக்லியே முதுமையில், 2004 இல், தென்மாநிலங்கள் தாமாகவே படிப்படியாகத் திருந்தும் என்று தாம் நம்பியது தவறென்றும், மத்திய அரசின் தலையீடு தேவையாகவே இருந்தது என்றும் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையைப் பாராட்டுவோம். ஆனால் காத்திருப்பின் விலையைக் கொடுத்தவர்கள் வேறு மனிதர் என்பதையும் மறவாதிருப்போம்.

ஊரும் கூட்டுறவும் சிதைகின்றன என்ற அவர்களின் புலம்பலும் ஆராயத்தக்கதே. நிஸ்பெற் அன்று கூறியதை, 2018 இல் பட்றிக் டெனீன் என்ற பேராசிரியர் மேலும் விரித்து, அரசும் சந்தையும் சேர்ந்தே மனிதனை வேரறுத்துத் தனியனாக்குகின்றன என்று எழுதினார். இதில் உண்மை உண்டு. ஆயின் இவரைப் போலச் சந்தையின் பெயரையும் சேர்த்துச் சொன்ன பழமைபேணுவோர் சிலரே. ஒகையோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் நகரில் 1977 செப்ரெம்பர் 19 ஆந் திகதி ஓர் உருக்காலையை மூடுவதாக அதன் உரிமையாளர் அறிவித்தனர். ஏறத்தாழ 5,000 பேர் வேலையிழந்தனர். அந்நகரின் கிறித்தவ, யூத மதகுருமார் ஒன்றுகூடி, அவ்வாலையை ஊர்மக்களே வாங்கி நடத்தும் திட்டமொன்றை வகுத்தனர். குடும்பம், கோயில், ஊர், தொழிற்குழு ஆகிய அனைத்தும் அன்று ஒரே அணியில் நின்றன. எதிரே நின்றது சொத்துரிமை. வேண்டிய கடன் உத்தரவாதத்தை 1979 இல் வாஷிங்டன் மறுத்தது. மறுத்ததும் தாராண்மைவாதக் கட்சியின் ஆட்சியே. ஊரைக் காக்கவேண்டும் என்று நூலெழுதுவோரின் பெருங்கட்சியும் அவ்வூருக்காகக் கிளர்ந்தெழவில்லை. முதலாளித்துவத்தின் கைபட்டுச் சிதையும் ஊரைப் பார்த்து அரசை மட்டும் நோவது, எய்தவனிருக்க அம்பை நோவதாகும்.

இவ்வாறு இரு தரப்பினரின் ஏடுகளையும் புரட்டிய பின், நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை காண முயல்வோம். டிரையாங்கிள் தீக்குப் பின் வந்த சட்டமும், கெரி பக்கை மலடாக்கிய சட்டமும் ஒரே காலத்தின் விளைவுகள். ஒரே சீர்திருத்த உற்சாகத்தின் பெயரால் எழுந்தவை. ஒன்றைப் போற்றி மற்றொன்றை வெறுக்க நமக்கு உரிமை எங்கிருந்து வருகிறது? அச்சட்டங்கள் யாருடைய கைகளைக் கட்டின என்று பார்த்தால் விடை புலப்படும். முதற்சட்டம், கதவைப் பூட்டும் முதலாளியின் கையைக் கட்டியது. இரண்டாஞ் சட்டம், ஏதுமற்ற ஏழைப்பெண்ணின் கையைக் கட்டியது. வலியோனைத் தடுக்கும் அதிகாரம் வேறு. எளியோனைத் திருத்தும் அதிகாரம் வேறு. பழமைபேணுவோர் இரண்டையும் ‘அரசின் தலையீடு’ என்று ஒரே பெயரிட்டுக் கண்டிக்கின்றனர். முற்போக்காளரோ பலகால் இரண்டையும் ‘சீர்திருத்தம்’ என்று ஒரே பெயரிட்டுப் போற்றியுள்ளனர். பிழை இருபாலும் உண்டு.

முதலாளியின் கையைக் கட்டும் வலிமையுள்ள அரசு, நாளை ஏழையின் கையையும் கட்டாதா என்று அவர்கள் கேட்பர். கட்டும், கட்டியும் இருக்கிறது. ஆனால் அரசைச் சிறிதாக்கினால் ஏழை விடுதலை பெற்றுவிடுவான் என்பது அதிலிருந்து பெறப்படாது. மலடாக்கும் சட்டங்களை இயற்றியவை மாநில அரசுகள். கறுப்பின மக்களை ஒதுக்கியவையும் மாநில அரசுகளும் ஊராட்சிகளுமே. அதிகாரம் அருகில் இருப்பதால் மட்டும் அது அன்புடையதாகிவிடாது. எளியோன் வாய்திறக்கும் உரிமை பெற்றிருக்கிறானா என்பதே முடிபான வினா. 1935 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தையே எடுத்துக்கொள்க. அது பண்ணைத் தொழிலாளரையும் வீட்டு வேலைக்காரரையும் விலக்கி வைத்தது. கறுப்பின உழைப்பாளருட் பெரும்பாலோர் அவ்விரு தொழில்களிலுமே இருந்தனர். தெற்கில் வாழ்ந்த அவர்களுட் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. ஆதலின் அச்சட்டத்தை ஆக்கிய சபையில் அவர்களுக்காகப் பேசுவாரும் அரியர்.

எளியோர் தாமே பேசத் தொடங்கியபோது அவர்களின் பேச்சு இருதரப்பாரின் கட்டங்களுக்குள்ளும் அடங்கவில்லை. 1963 ஏப்ரலில் பேமிங்ஹாம் சிறையிலிருந்து மாட்டின் லூதர் கிங் எழுதிய கடிதம், ‘பொறுத்திருங்கள்’ என்று அறிவுரை கூறிய எட்டு வெள்ளை மதகுருமாருக்கு மறுமொழியாக எழுந்தது. அநீதியான சட்டம் சட்டமே அன்று என்பதற்கு அவர் புனித அகுஸ்தீனையும், புனித தோமஸ் அக்குவைனாஸையும் சான்றுக்கழைத்தார். பழமைபேணுவோர் தம் உடைமை என்று கருதிய மரபே மாற்றத்துக்குப் படைக்கலமாயிற்று. மரபு ஆள்வோருக்கு மட்டும் உரியதன்று என்பதை அக்கடிதம் காட்டிற்று.

மற்றொருவர் ஜோனி டில்மன். குத்தகை விவசாயியின் மகளாகப் பிறந்து, சலவைச்சாலையில் உழைத்து, ஆறு பிள்ளைகளை வளர்த்த கறுப்பினத் தாய். அரசின் உதவிப்பணம் பெறும் தாய்மாரை லொஸ் ஏஞ்சலீஸ் நகரில் 1963 இல் ஒன்றுதிரட்டி, பின்னர் நாடு தழுவிய இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். அக்காலத்தில் பல மாநிலங்களில், உதவி பெறும் தாயின் வீட்டில் ஓர் ஆண் இருக்கிறானா என்று அதிகாரிகள் நள்ளிரவில் வந்து சோதித்தனர். இருப்பின் பிள்ளைகளின் உதவியை நிறுத்தினர். அலபாமா மாநிலத்தின் இத்தகைய விதியை ஓர் ஏழைத் தாய் தொடுத்த வழக்கில் 1968 இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உதவித்திட்டம் குடும்பத்தைச் சிதைக்கிறது, மனிதரைத் தாழ்த்துகிறது என்று பழமைபேணுவோரும் கூறினர், டில்மனும் கூறினார். உதவிப்பணத்தை, மனைவிக்கு விலகிச்செல்ல உரிமையற்ற கொடிய திருமணத்துக்கு அவர் 1972 இல் ஒப்பிட்டு எழுதினார். ஆயின் அவர்கள் அதிலிருந்து பெற்ற முடிவு, உதவியைக் குறையுங்கள் என்பது. டில்மன் பெற்ற முடிவு, உதவியைப் போதிய அளவில் தாருங்கள், சோதனையை நிறுத்துங்கள், எங்களைக் கேளுங்கள் என்பது. நோய் ஒன்றே, மருந்து கூறியவர்களில் நோயாளியும் ஒருவராக இருந்தார் என்பதே வேற்றுமை.

எல்லோரையும் கேட்டுத்தான் எதையும் செய்தல் வேண்டுமெனின் தீப்பற்றிய வீட்டின் முன்னும் சபை கூட்டவேண்டுமோ என்று நகைப்பாரும் உளர். முதலாளியின் பூட்டை உடைக்க முதலாளியின் சம்மதம் வேண்டியதில்லை. உள்ளே அடைபட்டோரின் கூக்குரலே அதற்குப் போதிய ஆணையாகும். அவ்வாறு கூக்குரல் எழாத இடத்தில், நாமே ஒரு துன்பத்தைக் கண்டுபிடித்து, நாமே மருந்து வகுத்து, நாமே ஒருவர் வாயில் ஊற்றப் புகும்போதுதான் கை நடுங்கவேண்டும். கெரி பக் மருந்து கேட்கவில்லை. வெஸ்ற் எண்ட் மக்கள் தங்கள் தெருவை இடிக்குமாறு வேண்டவில்லை.

அமெரிக்கப் பழமைபேணுவோர் எழுதிய கண்டனங்களை முற்போக்காளர் கற்கவேண்டும். கற்றபின் அவர்களோடு சேர்ந்து நின்றுவிடவும் கூடாது. அறிவின் செருக்கை அவர்கள் காட்டினர். உடைமையின் செருக்கையும் நிறத்தின் செருக்கையும் காணத் தவறினர். மூன்றையும் ஒருங்கே காணும் கண், நூலகத்தில் அமர்ந்திருப்போரிலும் மேலாக, பூட்டிய கதவின் உட்புறத்தே நிற்போருக்கே வாய்க்கிறது. மக்களுக்காகத் திட்டம் வகுக்கும் எவரும், அத்திட்டத்தில் மை உலர்வதற்கு முன், அம்மக்களின் வாசலுக்குச் சென்று கதவைத் தட்டட்டும். அவர்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னால், அச்சொல்லைக் கேட்டுத் திரும்பும் பணிவும் முற்போக்கின் ஒரு பகுதியே.